ரெஸ்யூமில் அப்பா பெயர் எதற்கு? காரைக்காலில் வேலை தேடுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

காரைக்காலில் வேலை தேடுபவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். ஓ.என்.ஜி.சி. அப்ரன்டிஸ் இடங்களுக்குப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்தான் கணக்கு. அங்கே ரெஸ்யூமை எவ்வளவு அலங்கரித்தாலும் பலன் இல்லை.

தனியார் வேலை அப்படியல்ல. 2023-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போன காரைக்கால் துறைமுகமோ, சென்னை ஐ.டி. கம்பெனியோ, முதலில் பார்ப்பது ரெஸ்யூமைத்தான். அதுவும் எவ்வளவு நேரம்? 'லேடர்ஸ்' என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018-ல் கண் அசைவை வைத்து அளந்ததில், முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடிதான்.

அதற்குள் அப்பா பெயர், மதம், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் எதற்கு? பிரவுசிங் சென்டரில் அடித்துத் தரும் பழைய பயோடேட்டாவில் பாதிப் பக்கத்தை இவையே பிடித்துக்கொள்கின்றன. மேலே வர வேண்டியது செய்த வேலை. "துறைமுகத்தில் பயிற்சி பெற்றேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "நிலக்கரி கன்வேயர் பிரிவில் 4 வாரம், பராமரிப்புப் பதிவேடு எழுதினேன்" என்றால் கூப்பிட்டுக் கேட்கத் தோணும்.

பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். டேபிள், ஐகான் நிறைந்த டெம்ப்ளேட்டில் அது வரிகளைக் குழப்பிவிடலாம். சாதாரண எழுத்துரு, நேர் வரிசை போதும். விளம்பரத்தில் 'ஆட்டோகேட்' என்றிருந்தால் அதே சொல்லைப் போடுங்க, தெரிந்தால் மட்டும்.

முகவரியில் 'புதுச்சேரி' என்று மட்டும் எழுதாதீங்க. நாகப்பட்டினம் கம்பெனிக்கு 20 கி.மீ. தூரத்தில் இருப்பவர், வெகு தூரம் தள்ளி இருப்பவராகத் தெரிவார்.