மேலெழுப்பிய மாடியும் காப்பீடில்லாத வீடும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்துத் தெருக்களில் நடந்து செல்வோர், அங்குள்ள வீடுகள் பக்கவாட்டில் வளர இடமின்றி மேல்நோக்கியே வளர்ந்திருப்பதைக் காண்பர். தந்தையின் காலத்தில் ஒற்றைத் தளமாக இருந்த வீட்டின்மீது, மகனுக்கு மணமானபோது ஓர் அறை. பேரக் குழந்தைகள் வந்தபின் முழுத்தளம். வாடகைக்கு விட ஒரு சிறு பகுதி. இவையனைத்திற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த நாள் தொட்டு, ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் மிகுதியாக வாழும் வட்டாரம் இது. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருக்கு வீடு என்பது தங்கும் இடம் மட்டுமன்று. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் செங்கல்லும் கம்பியுமாக அங்கேயே நிற்கிறது. அப்படி எழுப்பிய மாடி ஒரு நாள் விரிசல் விட்டுச் சரிந்தால், காப்பீடும் எடுத்திராத குடும்பம் என் செய்வது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், மாடி என்பது எவ்வளவு பாரம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபதடிக்கு முப்பதடி மனையில் ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் ஒன்று போடுவதாகக் கொள்வோம். அதன் எடை 17 டன்னுக்கு மேலாகிறது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரைப் பத்தடி உயரத்திற்கு எழுப்பினால், ஓரடி நீளத்திற்கு 400 கிலோ வீதம், சுற்றுச் சுவர் மட்டும் ஏறக்குறைய 40 டன். சன்னலுக்கும் கதவுக்கும் கழித்தாலும், ஒரு தளம் ஏற்றுவது கீழ்வீட்டின் தலையில் ஐம்பது டன்னை ஏற்றுவதாகும். ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்தால் மேலும் ஒரு டன். கீழே இருப்பது தூணும் உத்திரமும் இல்லாத பழைய சுவர் வீடாக, மரக்கட்டைமீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையுடையதாக இருந்தால், அதைக் கட்டிய மேஸ்திரி இந்த ஐம்பது டன்னைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். பெங்களூரின் செம்மண் பொதுவில் உறுதியானதுதான். ஆயினும் அந்நகரில் தூர்த்து மேடாக்கப்பட்ட ஏரிகள் பல. கெம்பேகௌடா பேருந்து நிலையமும் கண்டீரவா விளையாட்டரங்கும் பழைய ஏரி நிலத்தில் நிற்பவையே. நிரப்பு மண்ணின்மீது நிற்கும் வீடு கூடுதல் பாரம் ஏறியதும் ஒரு பக்கமாக அமிழ்வதில் வியப்பில்லை.

பாரம் ஒருபுறமிருக்க, அவசரமும் வீட்டைக் கெடுக்கிறது. தளம் போட்டபின் முட்டுக்கட்டைகளை எப்போது எடுக்கலாம் என்பதை இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதித்தொகுப்பு வரையறுத்திருக்கிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளமாயின் 7 நாட்கள். அதற்கு மேற்பட்டால் 14 நாட்கள். உத்திரங்களுக்கு நீளத்தைப் பொறுத்து 14 அல்லது 21 நாட்கள். செண்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதே என்று ஐந்தாம் நாளே முட்டை உருவிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. தண்ணீர் விட்டு நனைப்பதும் அப்படியே. கலப்புச் சிமெண்டானால் 10 நாட்களுக்குக் குறையாமல் நனைக்க வேண்டும் என்பது விதி. இவற்றைவிடக் கண்ணுக்குப் புலப்படாத பிழை ஒன்றுண்டு. சுவரைத் தாண்டி வெளியே நீளும் பால்கனியில் இழுவிசை மேற்புறத்திலேயே ஏற்படுகிறது. ஆதலால் கம்பியும் மேற்புறத்தில்தான் இருத்தல் வேண்டும். கான்கிரீட் கொட்டும் ஆட்கள் அக்கம்பியின்மேல் நடந்து நடந்து அதைக் கீழே மிதித்துவிட்டால், கம்பி இருந்தும் பயனில்லை. பூச்சு முடிந்தபின் அதை யாரும் காண இயலாது. ஒரு திருநாளன்று பத்துப் பேர் பால்கனியில் நின்று தேர் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும்.

இத்தகைய விபத்துக்களைப் பெங்களூர் அறியாததன்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், கபாலி திரையரங்கின் அருகே கட்டப்பட்டு வந்த கங்காராம் கட்டிடம் இடிந்து 123 பேர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், கனமழைக்கிடையே பாபுசாபாளையத்தில் கட்டுமானத்திலிருந்த கட்டிடம் ஒன்று சரிந்து, பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்த தொழிலாளர்களைப் பலி கொண்டது. மேலே ஏற்றிய தளங்களின் கொடுமைக்கு உலகறிந்த சான்று டாக்கா நகருக்கு அருகில் சவாரில் இருந்த ராணா பிளாசா. அங்கு மேல்தளங்கள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. முந்தின நாள் சுவரிலும் தூணிலும் விரிசல் தோன்றவே, கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் ஆலைகளோ மறுநாள் காலையில் தொழிலாளர்களை மீண்டும் உள்ளே அழைத்தன. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் அக்கட்டிடம் விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரே விரிசலைக் கண்டு ஒரு நிறுவனம் வெளியேறியது, மற்றவை உள்ளே சென்றன.

ஆகவே விரிசலைப் படிக்கத் தெரிந்திருப்பது நலம். பழைய சுவரும் புதுச்சுவரும் கூடும் இடத்தில் செங்குத்தாக மயிரிழைபோல் ஓடும் கோடு பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி ஒரு முனையில் அகன்று செல்லும் விரிசல், அஸ்திவாரம் அமிழ்வதைக் காட்டுவது. கம்பி ஓடும் வழியே பழுப்பு நிறத்தில் தோன்றுவது துருவின் வேலை. தூணிலோ, உத்திரம் தூணைச் சேரும் இடத்தருகே சாய்வாகவோ பிளவு கண்டால், அல்லது நேற்று வரை எளிதாக மூடிய கதவு இன்று இறுகினால், அன்றிரவு அந்த வீட்டில் உறங்கலாகாது. ஐயமான விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதிவிடுவது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்பது பொருள்.

விபத்து நேர்ந்துவிட்டதாகவே கொள்வோம். மக்களை, வாடகைக்கு இருப்போர் உட்பட, உடனே வெளியேற்றுவது முதற்கடமை. எரிவாயு உருளையை மூடி, மின்சார மெயினை அணைத்து, மேல் தொட்டியின் நீரை வடித்துவிட வேண்டும். அந்த ஒரு டன்னை இறக்குவது நம் கையில் உள்ளது. ஆனால் தளமோ தூணோ அசைந்திருந்தால், அதற்காக யாரும் மேலே ஏற வேண்டாம். ஜோகுபாளையம் போன்ற நெருக்கமான இடத்தில் நம் சுவர் அடுத்த வீட்டின் சுவரோடு உரசி நிற்கிறது. பக்கத்து வீட்டாருக்கும் சொல்லியாக வேண்டும். அவர் சண்டைக்கு வருவாரே என்ற அச்சத்தில் மறைப்பது, சேதத்தோடு பழியையும் தேடிக்கொள்வதாகும். தீயணைப்புத் துறையையோ காவல் நிலையத்தையோ அழைக்க 112 என்னும் எண் போதும். மாநகராட்சிக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அனுமதியில்லாத தளம் ஆயிற்றே என்று தயங்குவோர் பலர். அத்தயக்கத்தை நாம் அறியாமலில்லை. எனினும் ஆள் சேதம் ஏற்பட்டபின் அறிவித்தால் அது வழக்காகவே முடியும்.

இனிக் காப்பீட்டுக்கு வருவோம். காப்பீடு எடுக்காமற்போனோமே என்று நெஞ்சு வெதும்புவோருக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொது வடிவப் பத்திரத்தை வீடுகளுக்கு வழங்கி வருகின்றன. தீ, மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வீடு நிற்கும் நிலம் அமிழ்தல் முதலியவை அதில் அடங்கும். வீடு தன் பலவீனத்தால் தானே இடிவது அப்பட்டியலில் இல்லை. நிலம் அமிழ்தல் என்னும் தலைப்பிலோ, புதுக்கட்டிடத்தின் இயல்பான விரிசலும் அமிழ்வும், நிரப்பு மண்ணின் இறக்கமும், தவறான வரைவும், வேலைக் குறையும், மட்டமான பொருளும், கட்டிட மாற்றத்தால் வந்த சேதமும் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் வீடு அமிழ்வதற்கும் நிறுவனம் பணம் கொடுத்துக் கணக்கு முடிப்பதற்கும் 'செட்டில்மெண்ட்' என்ற ஒரே சொல் வழங்குகிறது. மொழிபெயர்க்கும்போது நமக்கு இது சிறு நகைப்பைத் தருவதுண்டு. முன்னது நேர்ந்தால் பின்னது கிடைக்கும் என்று பத்திரம் சொல்லவில்லை. ஆகவே, மேஸ்திரியின் பிழையால் விழுந்த மாடிக்குக் காப்பீடு இருந்திருந்தாலும் பெரும்பாலும் பணம் வந்திராது. கட்டும் காலத்திற்கென்று தனியான ஒப்பந்ததாரர் காப்பீடு உண்டு; அதிலும் பழுதான வேலையைத் திருத்தும் செலவு சேராது.

பிரான்சு நாட்டில் நிலைமை வேறு. கட்டியவர் பத்தாண்டுக் காலம் கட்டிடத்தின் உறுதிக்குப் பொறுப்பு என்பது அங்கே உரிமைச் சட்டம். 1978-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அப்பொறுப்புக்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. இவ்வெண்ணம் புதியதுமன்று. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஹமுராபி மன்னன் பொறித்த சட்டத்தில், உறுதியாகக் கட்டாமையால் வீடு விழுந்தால் கட்டியவனே தன் பொருளில் மீண்டும் கட்டித்தர வேண்டும் என்று இருக்கிறது. நம் நாட்டில் அடுக்குமாடி விற்போருக்கு 2016-ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம் ஐந்தாண்டுப் பொறுப்பை விதிக்கிறது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து மாடி எடுப்பவருக்கு அது பொருந்தாது. அவருக்குள்ள வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருதல் 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'சேவை' என்னும் சொல்லுக்குள் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் புதுச்சட்டத்திலும் அது நிலைபெற்றுள்ளது.

ஆனால் அவ்வழியில் செல்லச் சான்று வேண்டும். அச்சான்றைத்தான் நாம் முதல் இரண்டு நாட்களில் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இடிபாட்டை அகற்றுமுன், முறிந்த இடம், கம்பியின் கனமும் இடைவெளியும், அது மேலே உள்ளதா கீழே உள்ளதா என்பது, அஸ்திவாரத்தின் ஆழம் ஆகியவற்றை அளவுகோல் தெரியும்படி நிழற்படம் எடுக்க வேண்டும். எடுத்த கைப்பேசியையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட் துண்டுகள் சிலவும், கம்பித் துண்டுகள் சிலவும் தேதியிட்ட பையில் இருக்கட்டும். கட்டிட உறுதி பயின்ற பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் காரணம் கூறிக் கையொப்பமிட்ட அறிக்கையே வழக்கின் முதுகெலும்பு. சில ஆயிரம் செலவாகும். அச்செலவில் சிக்கனம் கூடாது.

நம்மவரிடம் ஒரு தனி வழக்கம் உண்டு. மாடி எடுக்கத் தீர்மானித்ததும் ஊரிலிருந்து, தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ, தெரிந்த மேஸ்திரியை வரவழைக்கிறோம். மாமன் மச்சான் முறை; எழுத்து எதற்கு என்கிறோம். பணமும் கையிலேயே கொடுக்கிறோம். மாடி விரிந்தபின் அவர் ஊருக்குப் போய்விடுகிறார். கேட்டால், சிமெண்டு நீங்கள் வாங்கியதுதானே என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கக்கூடும் என்பதால் சிமெண்டுக் கடை ரசீதுகள் முக்கியமாகின்றன. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தமாயின் நுகர்வோர் வழக்கு நிற்கும். நாட்கூலி கொடுத்து நாமே மேற்பார்த்தோம் என்றால், அது தனிப்பட்ட ஊழியம், சட்டத்தின் சேவை அன்று என்னும் எதிர்வாதம் எழும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வங்கி வழியே அனுப்பிய பணம், கைப்பேசிச் செய்திகள், கணக்கு எழுதிய நோட்டு ஆகியவை துணை நிற்கும். இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கொடாமல் நிறுத்தி, காரணத்தைக் கடிதத்தில் குறித்துப் பதிவு செய்து தபாலில் அனுப்புவது முறை.

மேஸ்திரி தமிழ்நாட்டில் இருந்தால் அங்கே சென்றுதான் வழக்காட வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் ஊரிலேயே, அதாவது ஜோகுபாளையத்தார் பெங்களூரிலேயே, மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருந்து இக்காலத்தைக் கழித்துவிடுவோர் உண்டு. பேச்சு நடக்கட்டும்; நாட்காட்டியும் நம் கண்முன் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் கன்னடத்திலும் வழிகேட்கலாம். தளம் அனுமதியின்றிக் கட்டப்பட்டதாயின், எதிர்த்தரப்பின் முதல் வாதம் அதுவாகவே இருக்கும் என்பதை எண்ணி, வழக்கறிஞரிடம் முதலிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்போர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை நாடலாம்; அதன் உதவி எண் 15100. வருமானம் குறைந்தோருக்கும் வேறு சில பிரிவினருக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகின்றனர். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நம் வீடுகள் பல தாயின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ இருப்பவை. அவ்வீட்டு மாடிக்காக அவர்களே மனுதாரராக நின்று அவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம்.