ஒரே சந்தை, இரண்டு தோப்புகள்

சித்தூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் பரதராமியை நெருங்கும்போது மாநில எல்லை வருகிறது. எல்லைக்கு இருபுறமும் மாந்தோப்புகளே. இப்பக்கம் தோத்தாபுரி என்றும், அப்பக்கம் கிளிமூக்கு, பெங்களூரா என்றும் வழங்கப்படுவது ஒரே பழந்தான். சித்தூர் வட்டாரத்தின் மாங்கூழ் ஆலைகள் இப்பழத்தைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கும் பழரச நிறுவனங்களுக்கும் அனுப்புகின்றன.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விளைச்சல் பெருகியது, முந்தைய ஆண்டின் கூழ் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது, விலை சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வழி செய்தது. அதில் 8 ரூபாயை ஆலைகள் தர வேண்டும்; 4 ரூபாய் அரசின் மானியம். வெளி மாநிலப் பழம் உள்ளே வந்தால் இந்த ஏற்பாடு குலையும் என்பதால், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. தடையை நீக்குமாறு கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

அந்நாட்களில் எங்கள் கிளையில் பயிர்க்கடன் பெற்றிருந்த விவசாயி ஒருவர் வட்டியைக் கட்டிவிட்டு, "கதவை மூடினார்கள், நான் பிழைத்தேன்" என்றார். அதே வாரத்தில் பரதராமிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமன் தொலைபேசியில் பேசினார். ஆண்டுதோறும் சித்தூருக்கு ஏற்றி அனுப்பிய பழத்தை உள்ளூர் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதாகக் கூறினார். அவரும் ஒரு வங்கியில் கடன் பெற்றவரே. இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை.

கூட்டமைப்பில் சேரும் நாடுகள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. 1957இல் ரோம் ஒப்பந்தத்தின் வழியே ஆறு ஐரோப்பிய நாடுகள் பொதுச் சந்தை அமைக்க இசைந்தன. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. ஒன்றியத்தில் சேரும் நாடு பெரிய சந்தையைப் பெறுகிறது. அதற்கு ஈடாக, தன் விவசாயிக்காகத் தானே கதவை மூடும் உரிமையைக் கைவிடுகிறது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் அந்த இழப்பு யாருக்கும் தெரிவதில்லை. விலை சரியும் ஆண்டில்தான் தெரிகிறது.

உக்ரைன் நாட்டின் தானியம் இதற்கு அண்மைச் சான்று. 2022இல் போர் மூண்டபின் அந்நாட்டுக்கு உதவும் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் சுங்க வரியை நீக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஒன்றியத்தில் சேர விரும்பிய உக்ரைனுக்கு வேட்பாளர் நாடு என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால் அண்டை நாடுகளில் தானியம் குவிந்து விலை வீழ்ந்தது. 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகள் உக்ரைன் தானியத்துக்குத் தடை விதித்தன. வணிகக் கொள்கை ஒன்றியத்தின் பொது அதிகாரம். உறுப்பு நாடு தனித்து முடிவெடுக்க இயலாது. எனினும் வாக்களிக்கும் விவசாயியின் குரலை எந்த அரசால் புறக்கணிக்க முடியும்?

பொது நாணயத்தை ஏற்கும் நாட்டுக்குச் சுமை மேலும் கூடுகிறது. 2001இல் யூரோவில் இணைந்த கிரீஸ், 2010இல் கடன் நெருக்கடியில் சிக்கியது. சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியை ஊக்குவித்திருக்கலாம். அவ்வழி அடைபட்டதால் ஊதியமும் ஓய்வூதியமும் குறைக்கப்பட்டன. நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

நம் நாட்டிலும் பல மாநிலங்களுக்கு ஒரே ரூபாய்தான். அது நிலைப்பதற்குக் காரணம், பொது நாணயத்தோடு பொதுக் கருவூலமும் இருப்பதே. மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிட நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்கள் தாமாக வரி விதிக்கும் உரிமையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தன. எல்லை வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. ஆனால் அவை வெறுங்கையுடன் இணையவில்லை. 2015–16ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, ஆண்டுக்கு 14 விழுக்காடு வருவாய் வளர்ச்சி கணக்கிட்டு, குறையும் தொகையை ஐந்தாண்டுகள் ஈடு செய்வதாகச் சட்டமே உறுதியளித்தது.

அத்தகைய ஈடு இல்லாத கூட்டமைப்பில் சேரத் தயங்குவது இயல்பு. ஆசிய பசிபிக் நாடுகளின் ஆர்.சி.இ.பி. வணிக ஒப்பந்தம் குறித்துப் பல ஆண்டுகள் பேச்சு நடத்திய இந்தியா, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் விலகி நின்றது. சீனப் பொருள்களின் பெருக்கம் குறித்த அச்சம் ஒரு காரணம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பால்பொருள்கள் நம் சந்தையில் குவியும் என்ற கவலை மற்றொன்று. சித்தூரில் கறவைமாட்டுக் கடன் வழங்கும் எங்களுக்கு அக்கவலை புதிதன்று. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பால் பணமே வாராந்திரச் செலவுக்கு ஆதாரம். எஞ்சிய 15 நாடுகள் 2020இல் கையெழுத்திட்டன. நம் அண்டை நாடான இலங்கை அதில் சேர விண்ணப்பித்துள்ளது. விலகி நின்றதற்கும் விலை உண்டு. அந்நாடுகள் தமக்குள் அளித்துக்கொள்ளும் வரிச்சலுகை நம் ஏற்றுமதியாளருக்குக் கிட்டாது.

ஆகவே சேரலாமா என்ற கேள்விக்கு முன்பு வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். விலை சரியும் ஆண்டில் நட்டத்தைத் தாங்குவது யார்? இதற்கான விடை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் கூட்டமைப்பு நிலைக்கும். இல்லையேல் நெருக்கடி வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் கதவை மூடுவர்.

சித்தூர் விவசாயிக்கு அன்று 4 ரூபாய் மானியம் என்ற தாங்குகோல் இருந்தது. எல்லைக்கு அப்பால் இருந்த என் மாமனுக்கு அது இல்லை. இருவருக்கும் பொதுவானதொரு தாங்குகோல் இருந்திருப்பின், அவ்வாண்டு பரதராமிச் சாலையில் பழவண்டிகள் வழக்கம்போல் ஓடியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.