ஷிப்டு முடிந்து சிலம்பம், கராத்தே... வேலையும் வீடும் கெடாமல் போட்டிக்கு போவது எப்படி?

அம்பத்தூர்:-

அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஒரு ரவுண்டு வந்தால் தெரியும். பள்ளி மைதானம், காலி மனை, மொட்டை மாடி என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஒரு பக்கம் கம்பு சுற்றுகிறார்கள். இன்னொரு பக்கம் வெள்ளை டிரஸ் போட்ட பசங்க வரிசையாக நின்று கராத்தே குத்து விடுகிறார்கள்.

சேரும்போது கூட்டத்துக்கு குறைச்சல் இல்லை. ஆனால் 10-ம் வகுப்பு வந்ததும் 'பரீட்சை முடியட்டும்' என்று சிலர் நின்று விடுகிறார்கள். கம்பெனி வேலை கிடைத்ததும் சிலர் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் கல்யாணப் பேச்சு எடுத்ததும் நிறுத்தி விடுகிறார்கள். நன்றாக விளையாடுகிறவர்களே இப்படி பாதியில் போய் விடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

நேரம், லீவு, காசு. இந்த மூன்றையும் கணக்கு போட்டு செலவு செய்தால், 8 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே போட்டிக்கும் போக முடியும். கணக்கு தப்பினால் பல வருட உழைப்புக்கு கையில் எந்த பலனும் நிற்காது.

3 நிமிட சண்டை, 1 நாள் லீவு

பெரியவர்களுக்கான கராத்தே சண்டைப் போட்டி, அதாவது குமித்தே, ஒரு ஆட்டம் 3 நிமிடம்தான். டேக்வாண்டோவில் 2 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. அதில் 2 ரவுண்டு ஜெயித்தவருக்கு வெற்றி. குத்துச்சண்டையில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு.

ஆட்டம் 10 நிமிடத்தில் முடிந்தாலும் போட்டி நாள் முழுசாக போய் விடும். காலையில் பெயர் பதிவு, எடை பார்ப்பது, பிறகு நம்ம முறை வரும்வரை காத்திருப்பது. பெரியமேடு நேரு விளையாட்டு அரங்கத்தில் போட்டி என்றால் ஆவடி, அம்பத்தூர்காரர்களுக்கு சென்ட்ரல் போகும் மின்சார ரெயில் இருக்கிறது. பூந்தமல்லிகாரர்கள் நெடுஞ்சாலை நெரிசலையும் சேர்த்து கணக்கு பண்ண வேண்டும்.

அதனால் ஒரு போட்டி என்றால் குறைந்தது 1 நாள் சம்பளம், போக்குவரத்து, பீஸ், சாப்பாடு எல்லாம் சேரும். இப்படி மாதம் ஒரு போட்டிக்கு போனால் வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்? வருடத்துக்கு 2 அல்லது 3 நல்ல போட்டிகளை முன்னாடியே முடிவு செய்து, அதற்கு மட்டும் தயார் ஆவதே புத்திசாலித்தனம்.

ஷிப்டு மாறினால் பயிற்சியும் மாறணும்

தொழிற்பேட்டை கம்பெனிகளில் வாராவாரம் ஷிப்டு மாறும். காலை 6 மணி ஷிப்டு என்றால் சாயங்காலம் பயிற்சி. மதியம் 2 மணி ஷிப்டு என்றால் காலையில் பயிற்சி. சிக்கல் நைட் ஷிப்டில்தான்.

ராத்திரி முழுக்க மெஷினில் நின்றுவிட்டு, தூங்காமல் நேராக மைதானத்துக்கு போய் எதிராளியோடு மோதும் பயிற்சி எடுக்கக்கூடாது. தூக்கம் இல்லாதபோது கண் பார்ப்பதற்கும் கை தடுப்பதற்கும் நடுவில் தாமதம் ஆகும். அந்த நேரத்தில்தான் முகத்தில் அடி விழும், கால் பிசகும். அதே உடம்போடு மறுபடி டூட்டிக்கு போனால் மெஷினிலும் ஆபத்து.

நைட் ஷிப்டு வாரத்தில் நல்லா தூங்கி எழுந்து, வீட்டிலேயே 20 நிமிடம் லேசான பயிற்சி செய்தால் போதும். கராத்தே என்றால் 'கட்டா' எனப்படும் தனி வரிசைகளை மெதுவாக செய்து பார்க்கலாம். சிலம்பம் என்றால் கம்பு இல்லாமல் காலடி மட்டும் பழகலாம். கம்பு கிட்டத்தட்ட நெற்றி உயரம் இருக்கும். ஒற்றை ரூம் வீட்டில் அதை சுற்ற முடியாது. காலடிக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் இன்னும் நல்லது.

எதிராளியோடு மோதும் கடுமையான பயிற்சியை பகல் ஷிப்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதை முதலிலேயே மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றால் 'இவன் ஒழுங்காக வர மாட்டான்' என்று போட்டிப் பட்டியலில் பெயர் போய் விடும்.

100 கிராம் செய்த வேலை

கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு. உதாரணமாக, உலக கராத்தே போட்டிகளில் ஆண்கள் குமித்தேயில் 60, 67, 75, 84 கிலோ, 84-க்கு மேல் என 5 பிரிவுகள். பெண்களுக்கு 50, 55, 61, 68 கிலோ, 68-க்கு மேல்.

எடை எவ்வளவு முக்கியம் என்பதை நாடே பார்த்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி பாரீஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 50 கிலோ பிரிவு இறுதிப்போட்டி நாளில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முந்தின நாள் ஜெயித்த ஆட்டங்கள் எதுவும் கைகொடுக்கவில்லை.

அவருக்கு டாக்டர், உணவு நிபுணர் எல்லாம் கூடவே இருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கே அந்த நிலைமை. கம்பெனி கேன்டீனில் சாப்பிடும் நம்ம பையன் 3 நாள் பட்டினி கிடந்து 4 கிலோ குறைக்கப் பார்ப்பது விஷப்பரீட்சை. அமெரிக்காவில் 1997-ம் ஆண்டு கடைசியில், எடை குறைப்பதற்காக தண்ணீர் குடிக்காமல் வியர்வை சிந்த பயிற்சி எடுத்த 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகளை கடுமையாக்கினார்கள்.

சாதாரணமாக 70 கிலோ இருப்பவர் 67-க்கு இறங்க உயிரை விட வேண்டாம். 75 கிலோ பிரிவில் ஆடலாம். குறைத்தே ஆகணும் என்றால் 2 மாதம் முன்பே ஆரம்பித்து, எண்ணெய், இனிப்பு, ராத்திரி பரோட்டாவை குறைக்க வேண்டும். வெல்டிங், பவுண்டரி போன்ற சூட்டில் வேலை பார்ப்பவர்கள் தண்ணீரை குறைக்கவே கூடாது.

லீவு எங்கே கிடைக்கும்?

மத்திய அரசு ஊழியர்கள் தேசிய, சர்வதேச முக்கியத்துவம் உள்ள போட்டிகளில் கலந்துகொண்டால், வருடத்துக்கு அதிகபட்சம் 30 நாள் வரை சிறப்பு தற்செயல் விடுப்பு பெற விதி இருக்கிறது. ஆவடியில் மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள் இதை அலுவலகத்தில் கேட்கலாம். சும்மா கிடைக்காது. தேர்வானதற்கான கடிதம் வேண்டும்.

தனியார் கம்பெனியில் இப்படி தனி லீவு சட்டத்தில் இல்லை. தொழிற்சாலைகளில் தகுதியான தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு சேரும். அதை பண்டிகைக்கே காலி செய்யாமல் போட்டிக்கு 2, 3 நாள் ஒதுக்கி வைக்கலாம். போட்டித் தேதி தெரிந்தவுடன் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்து விடுவது நல்லது. முதல் நாள் ராத்திரி போன் போட்டு 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு, மறுநாள் மெடலோடு போட்டோ வெளியே வந்தால் வேலைக்கே உலை.

அடிபட்டால்? போட்டியில் பட்ட அடி வேலையில் பட்ட காயம் ஆகாது. ஆனால் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் பார்க்கலாம். தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்து, இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு சர்டிபிகேட் கொடுத்தால், நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்க வழி உண்டு.

வீடு தோள் கொடுத்தால்...

மணிப்பூர் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் 2007-ல் இரட்டைக் குழந்தைகளுக்கு தாயானார். அடுத்த வருடமே, 2008-ல், உலக சாம்பியன் பட்டம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2013-ல் 3-வது குழந்தை. 2014 ஆசிய விளையாட்டில் தங்கம். 2018-ல் 6-வது முறையாக உலக சாம்பியன். கல்யாணம் ஆனால் விளையாட்டு முடிந்தது என்பவர்களுக்கு இதுவே பதில்.

நம்ம ஊர் உதாரணம், வாள்சண்டை வீராங்கனை பவானி தேவி. வண்ணாரப்பேட்டையில் கோவில் அர்ச்சகர் வீட்டுப் பெண். 2004-ல் பள்ளியில் வாள்சண்டைக்கு சேர்ந்தார். வாள் விலை அதிகம் என்பதால் மூங்கில் குச்சியில் பழகினார். செலவுக்கு தாயார் நகையை அடகு வைத்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்சண்டையில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு கிடைத்தது. முதல் ஆட்டத்தில் 15-3 என்று ஜெயித்து, அடுத்த ஆட்டத்தில் தோற்றார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னை குத்துச்சண்டை வீராங்கனை துளசியின் வாழ்க்கையை 'லைட் பிளை, பிளை ஹை' என்ற பெயரில் நார்வே நாட்டுக்காரர்கள் 2013-ல் ஆவணப்படமாக எடுத்தார்கள். கையில் திறமை, வீட்டில் வறுமை, கல்யாண நெருக்கடி, விளையாட்டால் ஒரு அரசு வேலை கிடைக்காதா என்ற ஏக்கம். இதுதான் அந்த படம். வீட்டு வேலையில் ஒருவர் கைகொடுத்தாலே ஒரு பெண் மைதானத்துக்கு வர முடியும். சாயங்காலம் 1 மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது, சமையலை யார் முடிப்பது என்று கணவன், மாமியாரோடு உட்கார்ந்து பேசி விடுவது முதல் பயிற்சி.

எந்த சர்டிபிகேட் செல்லும்?

காசு அதிகம் கரைவது இங்கேதான். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் அந்த பட்டியலில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. இரண்டாம் நிலை காவலர், எஸ்.ஐ. தேர்வில் விளையாட்டுக்கு 10 சதவீதம் இருக்கிறது. எந்தெந்த விளையாட்டு என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

இதை நம்பி பல பெற்றோர் கடன் வாங்கி பிள்ளைகளை போட்டிக்கு அனுப்புகிறார்கள். பேனரில் 'இன்டர்நேஷனல்', 'நேஷனல்' என்று போட்டிருந்தால் மட்டும் அது செல்லாது. மத்திய அரசு வேலைக்கு கேட்கப்படும் படிவங்களை பார்த்தாலே இது புரியும்.

படிவம் 1: நாட்டுக்காக சர்வதேச போட்டியில் ஆடியவர்களுக்கு. அந்த விளையாட்டின் தேசிய சம்மேளன செயலாளர் கையெழுத்து வேண்டும்.

படிவம் 2: மாநிலத்துக்காக தேசிய போட்டியில் ஆடியவர்களுக்கு. தேசிய சம்மேளனம் அல்லது மாநில சங்க செயலாளர் கையெழுத்து.

படிவம் 3: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு.

படிவம் 4: தேசிய பள்ளி விளையாட்டுக்கு.

நாலே பள்ளிப் பசங்களை வைத்து மண்டபத்தில் நடத்தும் போட்டியின் மெடல் வீட்டு அலமாரிக்கு அழகுதான். இந்த 4 படிவத்திலும் அது வராது. அனுபவத்துக்காக போகலாம். கடன் வாங்கி போகக்கூடாது.

எந்த கலை எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில் ஒரே ஒரு முறை. 2024 பாரீசில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை. டேக்வாண்டோ 2000-ம் ஆண்டில் இருந்து இருக்கிறது. சிலம்பம், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க போட்டியாக இடம்பிடித்தது. முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் உண்டு. பள்ளி, கல்லூரி மட்டும் இல்லாமல் பொதுப்பிரிவு, அரசு ஊழியர் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பிரிவும் அந்த கோப்பையில் இருப்பதால், வேலைக்கு போகிறவர்கள் அறிவிப்பு வரும்போது எந்த பிரிவில் எந்த விளையாட்டு என்று பார்த்து வைப்பது நல்லது.

மாவட்டம் மாறிடாதீங்க!

அரசு நடத்தும் மாவட்ட போட்டிக்கு பெயர் கொடுக்கும்போது இந்த பகுதி மக்களுக்கு ஒரு குழப்பம் வரும். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆவடி, பூந்தமல்லி இன்னமும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஒரே மாஸ்டரிடம் பழகும் 2 பேர் வேறு வேறு மாவட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டி வரலாம். ஆதாரில் உள்ள முகவரியை முன்பே சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

போட்டிக்கு பணம் கட்டும் முன்பு மாஸ்டரிடம் 3 கேள்வி கேளுங்கள். நடத்துவது யார்? அந்த சங்கத்துக்கு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? இந்த சர்டிபிகேட்டுக்கு எந்த படிவம் கிடைக்கும்? நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார். சந்தேகம் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு தெரிந்து கொள்ளலாம். அங்கே கேட்பதற்கு பீஸ் கிடையாது.