வாயால் சொன்ன வேலை

செய்யூரிலிருந்து வந்தவாசி வழியாகப் போளூருக்குச் செல்லும் மாநில நெடுஞ்சாலை 115, சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் மேம்படுத்த எடுத்துக்கொள்ளப்பட்ட சாலைகளுள் ஒன்று. அந்தத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி தரும் 48.4 கோடி டாலர் கடனுக்கான ஒப்பந்தம் 2021 ஜூன் மாதம் கையெழுத்தானது. மேம்படுத்த வேண்டிய மாநில நெடுஞ்சாலைகளின் நீளம் ஏறத்தாழ 590 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய வேலைக்கு வரைபடத்தையும் மதிப்பீட்டையும் எத்தனை கவனமாகத் தயாரித்தாலும், தோண்டிய பிறகுதான் தெரியவரும் சங்கதிகள் பல உண்டு. செய்யூர் இருக்கும் செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். இங்கே சாலை போட்டால் வழிநெடுகக் கலங்கல் வாய்க்கால்கள் குறுக்கிடும். கடற்கரையை நெருங்க நெருங்க உப்பளம், உப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய் என்று நிலத்தின் குணமே மாறிவிடும். ஓரிடத்தில் கெட்டி மண் இருக்கும். சற்றுத் தள்ளிக் கால் புதையும் களி இருக்கும். இங்கே ஒரு சிறுபாலம் கூடுதலாக வேண்டும், அங்கே பைலை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும் என்று நடுவில் முடிவெடுக்க நேராத பொதுப்பணி அரிது.

சொந்த வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம், “இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துவிடுங்கள்” என்று சொன்னால் வேலை நடந்துவிடும். கணக்கை வாரக் கடைசியில் பேசிக்கொள்வார்கள். கேட்பவரும் பணம் கொடுப்பவரும் அங்கே ஒருவரே. அரசு வேலையில் அப்படி இல்லை. மதிப்பீடு தயாராகி, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கி, டெண்டர் விட்டு, குறைந்த விலை கேட்டவரோடு ஒப்பந்தம் போட்ட பிறகே வேலை உத்தரவு கிடைக்கிறது. களத்தில் நின்று மாற்றம் தேவை என்று சொல்பவர் உதவிப் பொறியாளர். அதை ஏற்கும் அதிகாரம் செயற்பொறியாளருக்கோ கண்காணிப்புப் பொறியாளருக்கோ இருக்கும். தொகை பெரிதானால் கோப்பு தலைமைச் செயலகம் வரை போய்த் திருத்திய நிர்வாக அனுமதி வாங்கி வர வேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் கேள்வி கேட்க வருபவர் தணிக்கையாளர். பணமோ, இவர்கள் யாருடையதும் அல்லாத வரிப்பணம். அதனால்தான் ஒப்பந்தத்தில் இல்லாத எந்த வேலைக்கும் ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’, ‘டீவியேஷன்’ என்ற பெயர்களில் தனி உத்தரவும் தனி விலையும் தேவைப்படுகின்றன.

பொதுப்பணிகளில் செலவு கூடினால் மாற்றம் செய்ததுதான் குற்றம் என்று பொதுவாகக் கருதுகிறோம். குற்றம் அங்கே இல்லை. மாற்றத்தை எழுதாமலும் விலை பேசாமலும் வாயால் சொல்லி வேலையை முடித்துவிட்டு, காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதே பொதுப்பணத்தைக் கரைக்கிறது. நேர்மையான தேவைக்காகச் செய்த மாற்றமும் எழுதப்படாமல் போனால், நாளடைவில் பொய்க்கணக்காகவோ நீதிமன்ற வழக்காகவோ மாறிவிடுகிறது.

மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். செய்யூருக்கு வடக்கே கல்பாக்கத்தில் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2003-இல் அரசு ஒப்புதல் தந்தபோது அதன் மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். அடித்தள வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தோண்டியிருந்த பெருங்குழிக்குள் கடல்நீர் புகுந்தது. நீரை இறைத்துவிட்டு அடித்தளத்தை மீண்டும் போட வேண்டியதாயிற்று. எந்த மதிப்பீட்டாளரும் அதை முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. திட்டச் செலவு பிற்பாடு 5,677 கோடியாகத் திருத்தப்பட்டது. அந்த உயர்வு முழுவதையும் சுனாமியின் தலையில் கட்ட முடியாது. அதனாலேயே இந்த எடுத்துக்காட்டு முக்கியமானது. இயற்கையால் கூடிய செலவு எவ்வளவு, தாமதத்தால் எவ்வளவு, வடிவமைப்பை மாற்றியதால் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு மாற்றமும் நடந்த அன்றே காரணத்தோடும் தொகையோடும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் எல்லாச் செலவும் ஒரே மொத்தத் தொகையாகிவிடும். அதற்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள்.

தவிர்த்திருக்கக்கூடிய மாற்றங்களும் உண்டு. சிட்னி ஓபரா மாளிகைக்கு 1957-இல் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973-இல் திறந்தபோது கணக்கு 10.2 கோடியைத் தொட்டிருந்தது. கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே அடித்தளத்தைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் எடை தெரிந்த பிறகு, ஏற்கெனவே கட்டிய தூண்களை மாற்றிக் கட்ட நேர்ந்தது. பென்ட் ஃப்ளைபியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 20 நாடுகளைச் சேர்ந்த 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. நம் நாட்டிலும் 150 கோடிக்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 மார்ச் மாத அறிக்கையில், 1,873 திட்டங்களில் 449 திட்டங்களின் செலவு கூடியிருந்தது. கூடிய தொகை 5 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நிலம் கிடைக்கத் தாமதம், சுற்றுச்சூழல் அனுமதி ஆகியவற்றோடு, வேலையின் எல்லை மாறியதும் அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. அரைகுறை வரைபடத்தோடும் பேருக்குச் செய்த மண் பரிசோதனையோடும் டெண்டர் விட்டால், பிறகு வரும் மாற்றங்களை எதிர்பாராதவை என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

எழுதாமல் செய்த வேலையின் விலை என்ன என்பதை நம் உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. 1944-இல் வங்காளத்தின் ஆராம்பாக் ஊரில் உணவு வழங்கல் துறைக்காக பி.கே. மண்டல் நிறுவனம் கிடங்குகள் கட்டியது. அதற்குப் பணமும் வந்தது. பிறகு சாலை, காவலர் அறை, சமையலறை என்று கூடுதல் வேலைகளுக்கு மதிப்பீடு கேட்ட அதிகாரிகள், முறையான ஒப்பந்தம் போடாமலே வேலையைத் தொடரச் சொன்னார்கள். கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. பில்லை மட்டும் ஏற்கவில்லை. அரசின் சார்பில் ஒப்பந்தம் செய்ய இந்திய அரசுச் சட்டம் 1935 விதித்த முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவை வைத்து, 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, ஆனால் ஒரு சமையலறைக்கும் சாலைக்கும் 17 ஆண்டுகள் ஆயின. அன்றைய விதியின் இடத்தில் இன்று அரசியல் சாசனத்தின் 299-ஆம் பிரிவு இருக்கிறது. “நீங்க ஆரம்பிங்க சார், ஆர்டர் பின்னாலே வரும்” என்ற பேச்சுக்கு அன்றும் இன்றும் சட்டத்தில் ஒப்பந்தம் என்ற தகுதி இல்லை.

ஒரு தரப்பாக மாற்றினால் அரசும் தப்ப முடியாது. மத்தியப் பிரதேசத்தில் நான்குவழிச் சாலை போட்ட கொரிய நிறுவனமான சாங்யாங்குக்கு விலையேற்றத்தை ஈடுசெய்யும் கணக்கு முறையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2013-இல் ஒரு சுற்றறிக்கை மூலம் மாற்றியது. இசையாத தரப்பின் மீது புதிய நிபந்தனையைத் திணிக்க முடியாது என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் 2006-இல், கேரள அரசுக்குக் கல்லடைப் பாசனத் திட்டத்தில் கால்வாய் வெட்டிய கே.என். சத்தியபாலன் வழக்கில், அரசின் தாமதத்தால் கூடிய செலவை, அதற்கென்று ஒப்பந்தத்தில் விதி இல்லாவிட்டாலும் ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. இத்தகைய வழக்குகளில் அசல் தொகையோடு வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்துகொள்கின்றன. நடுவர் தீர்ப்பை அரசு நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோனாலும், வங்கி உத்தரவாதத்தின் பேரில் 75 சதவீதத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும் என்று மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவெடுத்தது. வேலை நடந்த இடத்தில் பேசி முடித்திருக்க வேண்டிய விலைகள் நீதிமன்றப் படிகளில் எந்த அளவுக்குத் தேங்கிக் கிடந்தன என்பதற்கு அந்த முடிவே அத்தாட்சி.

மாற்றத்தை எழுதிய பிறகே செய்ய வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு களத்திலிருந்து வருகிறது. ஐப்பசி மழை கோப்புக்காகக் காத்திருக்காது. அடித்தளக் குழியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்காணிப்புப் பொறியாளரின் கையெழுத்துக்கு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் கரை சரிந்துவிடும். உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாதம் விதியால் வருவதைவிட, அதிகாரம் மேலே குவிந்திருப்பதால் வருவது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை செயற்பொறியாளரே தற்காலிக விலையில் எழுத்து உத்தரவு தரலாம், இறுதி விலையை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்தால் வேலை நிற்காது. உலகெங்கும் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தங்களில், கூடுதல் பணமோ காலமோ கேட்க நினைக்கும் ஒப்பந்தக்காரர் காரணம் தெரிந்த 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். நிச்சயமின்மை எங்கே இருக்கும் என்பதும் நம் விதிகளுக்குத் தெரியாததல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில், ஒப்பந்த விலையிலேயே செய்ய வேண்டிய அளவு மாறுதலுக்கு, தரைக்கு மேலுள்ள கட்டடத்தில் 30 சதவீதமும் அடித்தளத்தில் 100 சதவீதமும் வரம்பாக நெடுங்காலம் இருந்தன. மண்ணுக்கடியில் எதுவும் நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு இடம்விட்டு எழுதிய விதி அது.

இரண்டாவது மறுப்பு, இந்தத் தலைவலியே வேண்டாம், வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம் என்பது. இ.பி.சி. என்று சொல்லப்படும் அந்த முறையிலும் மாற்றம் ஒழிவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் மாதிரி இ.பி.சி. ஒப்பந்தத்திலேயே வேலையின் எல்லையை மாற்ற ஒரு தனி அத்தியாயம் உண்டு; எழுத்து உத்தரவு கட்டாயம், மாற்றங்களின் மொத்தம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. எதிர்பாராத செலவையெல்லாம் ஒப்பந்தக்காரர் தலையில் வைத்தால் அவர் அதைத் தன் கைப்பணத்திலிருந்து தரப்போவதில்லை. டெண்டர் விலையிலேயே சேர்த்துவிடுவார். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை ஒப்பந்தங்களை ஆராய்ந்த பஜாரி, ஹூட்டன், டடெலிஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரை இதை அளந்து காட்டியது. வேலை நடுவில் மாற்றம் வந்தால் ஏற்படும் இழுபறியும் இடையூறும், வென்ற டெண்டர் தொகையில் 7.5 முதல் 14 சதவீதம் வரை விழுங்குகின்றன. ஆக, மாற்றத்தைச் சரியாகக் கையாளாத துறை அதற்கான விலையை மாற்றம் வராத வேலையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. டெண்டரில் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வேலையைப் பிடித்து, பிறகு எக்ஸ்ட்ரா ஐட்டங்களில் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றத்துக்கு வழி திறந்தால் ஊழலுக்குக் கதவு திறந்ததாகிவிடாதா என்கிறார்கள். கவலை நியாயமானது; கதவைச் சாத்தினால் ஊழல் நின்றுவிடும் என்பதுதான் தவறு. மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், கட்டாயம் தேவைப்பட்ட ஒரு சிறுபாலத்தைக் கட்டிவிட்டு, அதன் செலவை, முடித்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் வேறொரு வேலையின் அளவைக் கூட்டி எழுதி ஈடுகட்டும் சபலம் வரும். பாலம் உண்மை, பதிவு பொய். ஒருமுறை பொய் எழுதிய புத்தகத்தில், கட்டாத பாலத்துக்கும் அளவு எழுத முடியும். கையெழுத்துப் போட்டால் நாளை தணிக்கைக் கேள்வி வரும் என்று அஞ்சும் பொறியாளரின் மௌனம் நேர்மையற்றவருக்கு நிழலாகிறது. அடிமாட்டு விலைத் தந்திரத்துக்கு மருந்து வேறு. மாற்றத்துக்குப் பின் புதிய அளவுகளை வைத்துக் கணக்கிட்டாலும் இவரே குறைந்த விலைக்காரராக நிற்கிறாரா, இரண்டாமவர் முந்தியிருப்பாரா என்று பார்க்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. அந்தச் சோதனையைக் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எல்லா மாநில ஒப்பந்தங்களுக்கும் கட்டாயமாக்கினால், யாருக்காக மாற்றம் செய்யப்பட்டது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. டெண்டரை எப்படி அறிவிப்பது, எப்படித் திறப்பது, யாருக்குத் தருவது என்பதில் அது கண்டிப்பானது. அந்தக் கண்டிப்பு வேலை உத்தரவோடு நின்றுவிடாமல் இறுதிப் பில் வரை தொடர வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு மாற்றப் பதிவேடு இருக்கட்டும்: என்ன மாறியது, யார் கேட்டார்கள், ஏன், எவ்வளவு, எத்தனை நாள் கூடுதல், யார் கையெழுத்திட்டார்கள். அதை டெண்டர் வெளியாகும் அதே இணையதளத்தில் ஏற்றட்டும். வேலைத்தளத்தில் மதிப்பீட்டுத் தொகையை எழுதி வைக்கும் பலகையில் திருத்திய தொகையும் இடம்பெறட்டும்.

அதுவரை வாசகர் கையில் ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, உங்கள் ஊர்ச் சாலைக்கோ பாலத்துக்கோ வழங்கப்பட்ட கூடுதல் வேலை உத்தரவுகளின் நகலையும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் கேட்டு வாங்கலாம். வேலையை நேரில் பார்வையிடவும் பொருள்களின் மாதிரியைச் சான்றோடு பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அலுவலகத்துக்கு உள்ள காலம் 30 நாள்.