இரைமீன் ஏன் இரவோடு இரவாகச் சாகிறது?

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றின் நீரைத் தேக்கி 1957இல் கட்டப்பட்ட அமராவதி அணையின் அடியில் இருக்கும் அமராவதி நகர், சைனிக் பள்ளிக்கும் முதலைப் பண்ணைக்கும் பெயர்பெற்றது என்றாலும், மீன்வளத் துறையின் மீன்குஞ்சுப் பண்ணை ஒன்றும் அங்கே உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களின் குஞ்சுகளை உயிர் குன்றாமல் வைத்திருந்து வெளியூர்க் குளங்களுக்கு அனுப்புவதில் இத்தகைய பண்ணைகள் கடைப்பிடிக்கும் முறைகள், விரால் தூண்டிலுக்காகச் சிறுமீன்களை வீட்டில் வைத்துக் காப்பவர்களுக்கும் அப்படியே பொருந்துவன.

விரால் ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கும் ஊனுண்ணி என்பதால், சிறு கெண்டை, ஜிலேபிக் குஞ்சு, அயிரை போன்றவற்றை உயிருடன் முள்ளில் கோத்துப் போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. முதல்நாள் மாலை பிடித்து வாளியில் விட்ட குஞ்சுகள் விடியும்போது வெள்ளை வயிற்றைக் காட்டி மிதப்பதற்குக் காரணம் கேட்டால் 'காத்து பத்தல' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான்.

அந்தப் பாதியை முதலில் பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளாத உயிரினமாதலால், நீர் சூடாகும்போது அதன் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. ஆக்சிஜன் நீருக்குள் புகுவது மேற்பரப்பின் வழியாக என்பதால், குறுகி உயர்ந்த வாளியைவிட அகன்ற தொட்டியே மேல். ஏர் பம்ப்பின் குமிழிகள் செய்யும் பெரிய வேலையும் நீரைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவருவதுதான். கடைகளில் இரண்டு விரற்கடை நீரில் விரால் நாள்முழுதும் உயிரோடு கிடப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது: அதன் தலைக்குள் செவுள்களுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பு உண்டு, கெண்டைக்கு அது இல்லை.

மற்றப் பாதி அம்மோனியா. உண்ட புரதம் உடைந்து உண்டாகும் இக்கழிவை மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் விடுகின்றன; எனவே தொட்டி பார்வைக்குத் தெளிவாக இருக்கும்போதே அதில் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கலாம். நீரிலுள்ள அம்மோனியா, தீங்கு குறைந்த அயனி வடிவிலும், செவுளைக் கடந்து உடலுக்குள் புகும் நச்சு வடிவிலும் இருக்கிறது. இவ்விரண்டின் விகிதத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆனால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் சுமார் ஏழரைப் பங்கு. 9ஐ எட்டினாலோ நாற்பதுக்கும் மேல். வெயிலில் வைத்துப் பாசி பிடித்த தொட்டியின் பிஎச் பிற்பகலில் எளிதாக உயர்ந்துவிடும் என்பதால், தொட்டியை நிழலில் வைக்கச் சொல்வது சூட்டுக்காக மட்டுமல்ல.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நேற்று வாங்கிய தொட்டியில் அவை இரா. அத்தொட்டியில் இரக்கப்பட்டுப் பொரியும் தவிடும் அள்ளிப் போடுவது, குஞ்சுகளுக்குச் செய்யும் தீங்குகளில் முதன்மையானது. பண்ணைகளில் குஞ்சுகளை அனுப்புமுன் ஏறத்தாழ ஒரு நாள் இரை கொடுக்காமல் குடலைக் காலியாக்கி, அதன்பின் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டுகிறார்கள். ஓரிரு நாள் பட்டினி மீனைக் கொல்லாது. மிஞ்சி அழுகும் தீனி கொல்லும்.

நீரை மாற்றுவதிலும் பக்குவம் வேண்டும். குடிநீர்க் குழாயில் வருவது பிளீச்சிங் பவுடர் கலந்த நீர். மனிதருக்கு ஊறு செய்யாத அந்தக் குளோரின் செவுளின் மெல்லிய தோலை அரித்துவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும்; அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் கரைசல் உதவும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜனும் பெரும்பாலும் இல்லை. அதை உயரத்திலிருந்து ஊற்றியோ காற்றடித்தோதான் விடவேண்டும். ஒரே முறையில் முழுநீரையும் மாற்றாமல், தினமும் நான்கில் ஒரு பங்கு மாற்றுவதே நல்லது. லிட்டருக்கு மூன்று கிராம் அளவில் கல்லுப்பு சேர்த்தால், உடலிலிருந்து உப்பு கசிவதை ஈடுசெய்ய மீன் செலவிடும் ஆற்றல் குறையும். நைட்ரைட்டின் நஞ்சும் தணியும்.

திருப்பூர் வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சாயப்பட்டறையிலும் சலவைப்பட்டறையிலும் கழித்த பிளாஸ்டிக் டிரம்களைப் பழைய பொருள் கடையில் மலிவாக வாங்கி மீன் விடுவது வீண் துணிச்சல். துணியை மென்மையாக்கும் ரசாயனங்களில் பல, சோப்பைப் போலவே நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. அவற்றின் எச்சம் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் செவுள் பழுதாகும். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதும் போகுமென்று நம்புவதற்கில்லை.

தூண்டில் முடிந்து எஞ்சிய குஞ்சுகளை என்ன செய்வது என்பதைப் பலர் எண்ணுவதேயில்லை. அருகிலுள்ள வாய்க்காலில் கொட்டிவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளை வாயிலேயே அடைகாத்து அடிக்கடி இனம்பெருக்கும் அது, அமராவதி உள்ளிட்ட தமிழக அணைகளில் வலையை நிரப்பும் மீனாகிவிட்டதால் உள்ளூர் இனங்கள் இடத்துக்கும் இரைக்கும் அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று. இரைமீனோடு நோயும் பயணம் செய்யும்: வட அமெரிக்கப் பேரேரிகளில் 2005-06இல் விஎச்எஸ் என்னும் வைரஸ் நோய் பரவியபோது, இரைமீனை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல அங்கே கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. ஆகவே எஞ்சிய குஞ்சுகளை அடுத்த முறைக்குத் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிடித்த நீர்நிலையிலேயே விடுங்கள். வேறு ஆற்றிலோ குளத்திலோ விடவே வேண்டாம்.