விளையாட்டுங் கல்வியும்: இடைநிலை வகுப்பிலே கணினி

மணியடித்ததும் மைதானத்தை விட்டு வகுப்புக்கு வந்தோம். மீண்டும் மணியடித்ததும் வகுப்பை விட்டு மைதானத்துக்கு ஓடினோம். விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்பதே நாம் கல்லூரியிற் பயின்ற காலத்து முறை. இன்றோ விளையாட்டானது கணினித் திரையிலே புகுந்து, பிள்ளைகளின் கைக்குள்ளேயே வந்துவிட்டது. பெற்றோர் பலர் அதனைக் கல்விக்குப் பகையென அஞ்சுகின்றனர். வேறு சிலர் இனி வருங் கல்வி அதுவே எனப் புகழ்கின்றனர். இவ்விரு கூற்றுள் எது பொருந்தும் என்பதை, நடந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் நடுநிலைப் பாடசாலை என்பது பெரும்பாலும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புக்களைக் குறிக்கும். நமது நாட்டில் 6 முதல் 9 வரையுள்ள கனிட்ட இடைநிலை வகுப்புக்கள் அதற்கு ஒப்பானவை. சொன்னதை அப்படியே ஏற்குங் குழந்தைமை நீங்கி, ஏன், எவ்வாறு என்று பிள்ளைகள் வினவத் தொடங்கும் பருவம் அது. ஆதலின், செய்து பார்த்து அறியும் முறை அப்பருவத்துக்கு மிகவும் ஏற்றது.

1971 ஆம் ஆண்டில், மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரிலே, டொன் றோவிற்ஸ் என்னும் இளைஞர் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு அமெரிக்க வரலாறு கற்பித்தல் அவர்க்குரிய பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குடும்பங்கள் மாட்டு வண்டிகளுடன் மேற்கே ஒறிகன் நாட்டுக்குச் சென்று குடியேறிய கதையை, ஒரு தேசப்படத்தையுந் தாயக்கட்டையையுங் கொண்டு விளையாட்டாக நடத்த அவர் எண்ணினார். அவரோடு ஒரே வீட்டில் வசித்த பில் ஹைனமன், போல் டிலன்பேகர் என்னும் பயிற்சியாசிரியர் இருவர், அதனைக் கணினியில் அமைக்கலாம் என்றனர். ஏறத்தாழ இரு வாரத்துள் 'ஒறிகன் பாதை' என்னும் விளையாட்டு உருவாயிற்று. வகுப்பிலே திரை எதுவும் இருக்கவில்லை. தொலைபேசி இணைப்பின் வழியே தூரத்துக் கணினியோடு தொடர்புபட்ட தட்டச்சுப் பொறி ஒன்றே இருந்தது. வினாவும் விடையுங் காகிதச் சுருளில் அச்சாகி வந்தன.

1978 இல் அச்சேறிய அதன் வடிவத்தைப் பார்த்தால் விளையாட்டின் அமைப்பு நன்கு விளங்கும். காலம் 1847. ஐவர் கொண்ட குடும்பம் மிசூரி மாநிலத்து இன்டிப்பென்டன்ஸ் ஊரிலிருந்து புறப்பட்டு, 2,040 மைல் தூரத்தை ஐந்தாறு மாதத்திற் கடந்து ஒறிகன் நகரை அடைதல் வேண்டும். சேமிப்பாகிய 900 டொலரில் 200 டொலர் வண்டிக்குச் செலவாயிற்று. எஞ்சிய 700 டொலரை எருது, உணவு, துப்பாக்கி ரவை, உடை, மருந்து முதலிய பிற பொருள் என்பவற்றுக்கு மாணாக்கனே பங்கிடுதல் வேண்டும். எருதுக்குக் குறைத்தால் வண்டி தாமதிக்கும். உடைக்குக் குறைத்தாற் குளிரில் நோய் வரும். மருந்து இல்லையேல் அந்நோய் உயிரைக் கொள்ளும்.

வழியிலே பலர் மாண்டனர் என்று பாடநூல் ஒரு வரியிற் கூறிவிடும். மாணாக்கன் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதி, மறுநாள் மறந்துவிடுவான். ஆனால், தான் பங்கிட்ட பணம் போதாமையால் தன் குடும்பமே வழியில் மாண்டதைக் கண்ட மாணாக்கன், எங்கே பிழைத்தேன் என்று கேட்பான். அக்கேள்வி பிறந்த இடத்திலேதான் ஆசிரியரின் பாடந் தொடங்குகின்றது. கேள்வியை எழுப்பும் ஆற்றல் பொறிக்கு உண்டு; அதற்கு விடை காணும் நெறியிற் பிள்ளையைச் செலுத்துதல் ஆசிரியர்க்கே உரியது.

பயிற்சிக் காலம் முடிந்ததும் விளையாட்டுக் கணினியிலிருந்து அழிக்கப்பட்டது. காகிதத்தில் அச்சிட்ட பிரதி மட்டும் எஞ்சியது. 1974 இல் மினசோட்டாக் கல்விக் கணினிக் கூட்டமைப்பிற் பணியேற்ற றோவிற்ஸ், அப்பிரதியைப் பார்த்து முழுவதையும் மீண்டுந் தட்டச்சுச் செய்தார். அதனோடு அமையாது, அப்பாதையிற் சென்றோரின் நாட்குறிப்புக்களைப் படித்து, நோயும் மழையும் விபத்தும் எத்துணைக்கு எத்துணை நேர்ந்தன என்று கணக்கிட்டு விளையாட்டைத் திருத்தினார். பொழுதுபோக்கை வரலாற்றுப் பாடமாக உயர்த்தியது அந்நாட்குறிப்புக்களின் சான்றேயாம்.

ஆயினும் அதில் ஒரு குறையும் இருந்தது. வண்டியிற் சென்றவரின் கண்கொண்டே அனைத்தும் நோக்கப்பட்டன. அந்நிலத்திற் பன்னெடுங்காலம் வாழ்ந்த ஆதிக்குடிகள், வழியில் எதிர்ப்படுவோராக மாத்திரமே காட்டப்பட்டனர். 2021 இல் வெளிவந்த புதிய பதிப்பிலே, ஆதிக்குடி வரலாற்றறிஞரின் ஆலோசனை பெற்று இக்குறையைப் போக்க முயன்றனர். ஆசிரியர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். விளையாடிய பிள்ளை கண்டதை உண்மையென்றே நம்பும். ஆகவே, இக்கதையை யார் சொல்கின்றார், யாருடைய குரல் இதில் இல்லை என்று வகுப்பிலே கேளாது விட்டால், பொறி கற்பித்த பிழை பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடும்.

இனி, பிறர் ஆக்கியதை ஆடுதல் ஒன்று. தாமே ஆக்குதல் மற்றொன்று. எழுத்து, படம், ஒலி ஆகியவற்றை ஒருங்கே இணைத்து மாணாக்கர் செய்யும் பல்லூடகச் செயற்றிட்டம் பின்னதன் பாற்படும். இதற்குப் பெரியதோர் உதாரணம் இங்கிலாந்திலே உண்டு. 1086 இல் முதலாம் வில்லியம் அரசன் காலத்தில் எழுதப்பட்ட 'டூம்ஸ்டே' என்னும் நிலப் பதிவேட்டின் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986 இல் ஒரு புதிய பதிவேட்டை வெளியிட்டது. நாடு முழுவதும் 4 கிலோமீற்றர் நீளமும் 3 கிலோமீற்றர் அகலமுங் கொண்ட கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் ஊரிலே கடைகளையும் வயல்களையும் பார்த்து, முதியோரை வினவி, படம்பிடித்து, கட்டுரை எழுதி அனுப்பினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். தம் ஊரைத் தாமே ஆராய்ந்து எழுதிய அப்பிள்ளைகள் பெற்ற பயிற்சி பெரிது.

ஆனால் அதன் பின்கதை நமக்கோர் எச்சரிக்கை. அத்தொகுப்பு அக்காலத்துப் புதுமையாகிய லேசர்த் தட்டிற் பதிக்கப்பட்டது. அதனை வாசிக்கும் பொறித்தொகுதியின் விலை ஏறத்தாழ 5,000 பவுண். எழுதிக்கொடுத்த பாடசாலைகளுட் பலவற்றால் அதனை வாங்க இயலவில்லை. பதினைந்து ஆண்டுகள் செல்லுமுன் அப்பொறிகள் அருகிவிட, தட்டுக்களை வாசிப்பதே அரிதாயிற்று. ஆய்வாளர் அரும்பாடுபட்டு அதன் உள்ளடக்கத்தை மீட்டனர். 2011 இல் அது இணையத்திலே மீண்டும் வெளியிடப்பட்டது. 1086 இல் தோலில் எழுதிய ஏடோ இன்றும் வாசிக்கத்தக்கதாய் இருக்கின்றது. மாணாக்கரின் ஆக்கத்தைப் பொறியில் இடுவதோடு நில்லாது காகிதத்திலும் பேணுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்தில் ஆக்கும் வழி எளிதாயிற்று. 1967 இல் சீமோர் பப்பேட் முதலியோர் பிள்ளைகளுக்கென அமைத்த 'லோகோ' என்னுங் கணினி மொழியின் வழிவந்ததாகிய 'ஸ்கிறாச்', 2007 முதல் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. கட்டளைக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே ஒரு விளையாட்டை ஆக்கலாம். நீரின் சுழற்சியை அவ்வாறு காட்ட முயலும் மாணாக்கன், ஆவி எப்போது மேகமாகும் என்பதைத் தான் அறியாமற் பொறிக்குச் சொல்ல முடியாது. மயக்கம் எங்கே உள்ளதோ அங்கே விளையாட்டு நின்றுவிடும். எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வண்ணத்திலும் இசையிலும் பொழுதெல்லாங் கழித்து, பொருளை மறத்தல் பிள்ளைகட்கு இயல்பு. ஆதலால், முதலிற் கருத்தைத் தாளில் எழுதுவித்து, அதனைத் திருத்திய பின்னரே கணினிக்கு அருகில் விடுதல் நன்று. புள்ளியிடும்போதும் அழகினும் பொருளுக்கே கூடுதலாக இடுதல் வேண்டும்.

யூபிலி ஆண்டுகளிலே பழைய மாணவர் தங் கல்லூரிக்குக் கணினிகளை நன்கொடையாக வழங்க விரும்புதல் இயல்பே; அது போற்றத்தக்கது. ஆனால், பொறியை மட்டுங் கொடுத்து, அதனைக் கொண்டு கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் ஓய்வான நேரமுங் கொடாவிடின், சில ஆண்டுகளில் அவை பூட்டிய அறையிலே தூசி படிந்து கிடக்கும். மினியாப்பொலிஸ் வகுப்பிலே ஒரே ஒரு தட்டச்சுப் பொறிதான் இருந்தது. ஆனாற் பாடத்தை ஆழ்ந்து சிந்தித்த ஓர் ஆசிரியர் இருந்தார். நன்கொடையிற் சிறுபகுதியையேனும் ஆசிரியரின் பயிற்சிக்கென ஒதுக்குவோமாயின், கொடுத்த பொறிகள் பயன்படும். நமக்குப் பின் அவ்வகுப்புக்களில் இருக்கும் பிள்ளைகள் விளையாடியுங் கற்பர், கற்றும் மகிழ்வர்.