எறும்பும் இரம்ப ஈயும்

முள்ளங்கிப் பாத்தியில் இளநாற்றின் இலைகள் துளைபட்டிருக்கின்றன. வரப்பில் எறும்புகள் சாரையாகச் செல்கின்றன. காண்போர் பழியை எறும்பின்மீது சுமத்தி அதன் வளையில் மருந்தைக் கொட்டுகின்றனர். உண்மைக் குற்றவாளி இலையடியிலிருந்து தப்பிவிடுகின்றது.

விதை சேர்க்கும் எறும்பு இலையை உண்பதில்லை. புல் விதைகளையும் சிறு தானியங்களையும் சுமந்து சென்று நிலத்தடி அறைகளில் சேமிப்பதே அதன் தொழில். ஐரோப்பிய அறிஞர் பலர் இதனைக் கட்டுக்கதையென்று கருதியிருந்த காலத்தில், மழையில் நனைந்த விதைகளை எறும்புகள் வெளியே கொணர்ந்து வெயிலில் உலர்த்துவதைக் கர்னல் சைக்ஸ் என்பார் புனாவில் நேரிற் கண்டு 1835-இல் வெளியிட்டார். நம் நாட்டு உழவருக்கு இது புதுச் செய்தியன்று. வளையின் வாயைச் சுற்றி உமி வட்டமாகக் கிடப்பின் அது இவ்வெறும்பின் இருப்பிடமெனக் கொள்ளலாம். புதிதாக விதைத்த நுண்விதைகளைக் கவர்வதொன்றே இதனால் விளையும் கேடு. விதையை மண்ணால் நன்கு மூடினால் அதுவும் பெரிதும் குறையும்.

கடுகு இரம்ப ஈ உண்மையில் ஈயன்று. ஈக்குச் சிறகு இரண்டு, இதற்கு நான்கு. வேறு பெயர் வழங்காமையால் நாமும் அவ்வாறே எழுதுகின்றோம். எறும்பு, குளவி, தேனீ ஆகியவற்றுடன் இதுவும் ஹைமனாப்டிரா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தது. எனினும் எறும்பின் ஒடுங்கிய இடை இதற்கு இல்லை. எறும்பின் கொடுக்கு எவ்வுறுப்பினின்று தோன்றியதோ, அவ்வுறுப்பு இதனிடம் இரம்பமாக அமைந்துள்ளது. பெண் ஈ அதனால் இலை விளிம்பைக் கீறி, உள்ளே முட்டையிடுகின்றது. எறும்பின் குடம்பிக்குக் கால்கள் இல்லை. வேலைக்கார எறும்புகளே அதற்கு ஊட்டுகின்றன. இரம்ப ஈயின் கரும்பச்சைக் குடம்பியோ தானே மேய்ந்து இலையை அழிக்கின்றது.

களப்பணியாளர் கருத வேண்டியது இங்கேதான். இக்குடம்பியைக் கம்பளிப்புழு இனமென்று மயங்குதல் எளிது. வயிற்றுக் கால்களை எண்ணுக: அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு ஐந்து இணைக்கு மேல் இரா, இதற்கு எட்டு இணை. அப்புழுக்களைக் கொல்லும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாகி என்னும் நுண்ணுயிர் மருந்து இதனைக் கொல்லாது. எண்ணாமல் தெளிப்பவருக்குப் பணமும் பயிரும் நட்டம்.

தொட்டவுடன் இது சுருண்டு கீழே விழுந்து, செத்ததுபோற் கிடக்கும். ஆதலின் காலையிலும் மாலையிலும் செடியின்கீழ் முறத்தைப் பிடித்துத் தட்டிச் சேகரித்து அழிக்கலாம். கூட்டுப்புழு மண்ணுள் தங்குவதால் கோடையுழவும் பயன்தரும்.

மாதுங்கா, செம்பூர்ப் பள்ளிகளில் தோட்டமுண்டேல் ஆசிரியர் ஒரு பாத்தியில் கடுகு விதைக்கலாம். இடமற்ற தாராவிக்குப் பழைய தகர டப்பா போதும். இலையில் எப்புழு வரினும், மாணவர் உருப்பெருக்கியால் முதலிற் கால்களை எண்ணட்டும்.